தங்கத்தாய் டீச்சரும் மூணு மணி வண்டியும்

சிவகாசியிலிருந்து சாத்தூர் போகும் சாலையில், ஒரு பக்கம் கருவேலங்காடும் மறுபக்கம் பட்டாசுக் கம்பெனியின் கம்பி வேலியுமாக நிற்கிற ஓர் உதவிபெறும் பள்ளியில் தங்கத்தாய் தையல் டீச்சராக இருந்தார். பள்ளிக்கு மூன்று தையல் மெஷின்கள். ஒன்றில் பெல்ட் இல்லை. இன்னொன்றில் சக்கரம் சுற்றாது. மூன்றாவது நன்றாக ஓடியது. ஆகவே அது தலைமையாசிரியர் வீட்டில் இருந்தது.

2005 ஜூனில் ஒரு சுற்றறிக்கை வந்தது. பள்ளிக்கு ஓர் ஆசிரியர் மாணவர்களின் மனநலத்தைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று அதில் இருந்தது. தலைமையாசிரியர் இராமகிருஷ்ணன் அதை இரண்டு முறை படித்தார். கணக்கு வாத்தியாருக்குக் கணக்கு இருந்தது, அறிவியல் டீச்சருக்கு அறிவியல் இருந்தது.

“டீச்சர், ஒங்களுக்குத்தான் மெஷின் ஓடலையே” என்றார்.

ஓடுகிற மெஷின் எங்கே இருக்கிறது என்று சொல்லத் தங்கத்தாய்க்கு வாய் வரை வந்தது. “சரிங்க சார்” என்றார். இப்படியாக அந்தப் பள்ளியின் மனநலம் அவர் கைக்கு வந்தது.

சூலக்கரையில் ஒருநாள் பயிற்சி. பேச வந்தவர் மூன்று காரியம் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் பேசுவதைக் கேளுங்கள், குறுக்கே பேசாதீர்கள், கடைசியில் “ஒன்றும் ஆகாது, தைரியமாக இரு” என்று சொல்லி அனுப்புங்கள். முதல் இரண்டையும் தங்கத்தாய் நோட்டில் எழுதிக்கொண்டார். மூன்றாவதையும் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். அவர் பிறந்து வளர்ந்த பக்கத்தில், காலையில் கம்பெனி வேனில் ஏறுகிறவர்களிடம் யாரும் அப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை. “வாரேன்” என்பார்கள். “வா” என்பார்கள். அதோடு சரி.

மறுநாள் பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவில் வேலையைத் தொடங்கினார். ஒவ்வொருவராக எழுப்பி, எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். “நல்லா இருக்கேன் டீச்சர்” என்றார்கள். நாற்பத்தாறு பேர் பதினோரு நிமிடத்தில் நல்லா இருந்து முடித்தார்கள். அதில் இரண்டு பேருக்கு அன்று காய்ச்சல்.

தங்கத்தாய்க்கு அப்போதுதான் தமது பழைய வேலை நினைவுக்கு வந்தது. தையல் டீச்சர் ஆவதற்கு முன்னால் மூன்று வருடம் அவர் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் இருந்தவர். தினமும் கிழிக்கிற காலண்டர். தாளின் அடியில் பன்னிரண்டு ராசிக்கும் ஆளுக்கொரு சொல்லாகப் பலன் இருக்கும்: நன்மை, தடை, அலைச்சல், பயம், நிம்மதி, சோர்வு, லாபம், கோபம், ஏமாற்றம், பாராட்டு, மறதி, சுகம். ஃபோர்மேன் சோலைச்சாமி அந்தச் சொற்களை ஒரு தட்டில் போட்டுக் குலுக்கி, வந்த வரிசையில் கோப்பார். அதில் ஒரே ஒரு விதி உண்டு: முதலாளியின் ராசி சிம்மம், அதற்கு எந்த நாளும் ‘தடை’ வரக்கூடாது. ஜோசியத்தில் தங்கத்தாய்க்கு நம்பிக்கை போனது அந்தத் தட்டில்தான். ஆனால் ஒரு மனுசன் ஒருநாளில் என்னவெல்லாம் படுவான் என்பதற்கு அதைவிடச் சுருக்கமான பட்டியலை அவர் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை.

நாற்பத்தாறு காலண்டர் தாள்களைக் கிழித்துக்கொண்டு போனார். “இன்னைக்கு நீ எப்பிடி இருக்கியோ, அந்தச் சொல்லைச் சுத்தி ஒரு வட்டம் போடு” என்றார்.

எல்லோரும் மளமளவென்று போட்டுக் கொடுத்தார்கள். வீட்டில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஒருவர் விடாமல் அவரவர் ராசிக்கு நேரே வட்டம் போட்டிருந்தார்கள். பத்து வயதிலிருந்து லீவு நாளெல்லாம் காலண்டர் தாள் அடுக்குகிற பிள்ளைகள். அந்தச் சொல்லைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம் என்று எவருக்கும் தோன்றவில்லை. இரண்டு பேர் மட்டும் வட்டம் போடவில்லை. அவர்களுக்குத் தங்கள் ராசி தெரியாது.

தங்கத்தாய் பழைய அச்சகத்துக்குப் போனார். கிழடாகிப் போயிருந்த சோலைச்சாமி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

“ராசி வேணாமா? பலன் மட்டுமா?”

“ஆமாண்ணே.”

“ராசி இல்லாமப் பலன் எப்பிடித்தா? ஆருக்குன்னு தெரிய வேணாமா?”

“அது அதுக அதுகளுக்கே தெரியும்ணே.”

சோலைச்சாமிக்கு இதில் உடன்பாடில்லை. ஆனாலும் வெட்டி எறிகிற ஓரத் தாளில் பன்னிரண்டு சொற்களை மட்டும் வரிசையாக அடித்து இரண்டு மூட்டை கொடுத்தார்.

தினமும் காலையில் சீட்டு. சொல்லில் வட்டம் போட்டு, தையல் அறையில் வைத்திருந்த காலி மத்தாப்பு அட்டைப்பெட்டியில் போட வேண்டும். பேர் எழுத வேண்டாம் என்று தங்கத்தாய் படித்துப் படித்துச் சொன்னார். பேரும் பரீட்சை எண்ணும் எழுதாத தாளுக்கு உதை விழும் என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து பழகிய பிள்ளைகள், ரகசியத்தைக் காப்பாற்றாமல் பேர், வகுப்பு, பிரிவு, தேதி எல்லாம் எழுதிப் போட்டார்கள்.

சீட்டு சேரச் சேரப் பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தார்கள். செழியன் என்கிற பையன் நாள் தவறாமல் ‘பாராட்டு’ போட்டான். அவ்வளவு பாராட்டு யார் பாராட்டுகிறார்கள் என்று விசாரித்தால், ஒருத்தரும் இல்லை, வேணும் என்கிறதைத்தான் போட்டேன் என்றான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் ஏதாவது ஒன்றைச் சொல்லிப் பாராட்டிவிட்டுப் போவதைத் தங்கத்தாய் வழக்கமாக்கிக்கொண்டார். அது சுலபமாக முடிந்தது.

முடியாதது மாரிசெல்வி.

மாரிசெல்வி தினமும் ‘பயம்’ போட்டாள். அவளைப் பற்றி ஆசிரியர்கள் அறையில் ஏற்கெனவே பேச்சு இருந்தது. ஏழாவது பீரியட், அதாவது மதியம் மூன்று மணிக் கணக்கு வகுப்பு, தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுவாள். தண்ணீர்க் குழாயடியில் நின்று, குட்டிச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள். கணக்குக்குப் பயந்து ஓடுகிறாள் என்பது கணக்கு வாத்தியார் கண்டுபிடிப்பு. முட்டி போடவைத்தார். அம்மாவைக் கூட்டிவரச் சொன்னார். ஒரு டீச்சர் இருக்கன்குடி மாரியம்மன் கோயில் திருநீறு கொண்டுவந்து பூசினார். திருநீறோடு போய் எட்டிப் பார்த்தாள்.

அக்டோபரில் மழை பிடித்தது. மழை பெய்த நாளெல்லாம் தையல் அறையின் ஓடு ஒழுகி, மத்தாப்புப் பெட்டியில் அன்று விழுந்த சீட்டுகள் நனைந்தன. தங்கத்தாய் அவற்றைத் தரையில் பரப்பிக் காயவைத்தார். காய்ந்தவற்றை மற்றச் சீட்டுகளோடு தேதிவாரியாக அடுக்கும்போது கை நின்றது. மாரிசெல்வியின் சீட்டுகளில் மழைத்தண்ணீர்க் கறை படிந்தவற்றில் எல்லாம் ‘நிம்மதி’. கறை இல்லாதவற்றில் எல்லாம் ‘பயம்’. ஒன்றுகூடப் பிசகவில்லை.

மறுநாள் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“மழை பெஞ்சா ஒனக்கு அம்புட்டு நிம்மதி எங்கனருந்து வருது?”

“மழைன்னா கம்பெனி லீவு டீச்சர். இடி மின்னல் பாத்தாலே வேன்ல ஏத்தி அனுப்பிருவாக. அம்மா வீட்ல இருக்கும்.”

“சரி. வெடிச் சத்தம் கேட்டாப் பயமா இருக்கோ?”

மாரிசெல்வி டீச்சரைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தாள்.

“சத்தம் கேட்டா ஊரே எந்திரிச்சுப் பாக்கும் டீச்சர். பொகை நம்ம கம்பெனிப் பக்கம் இல்லைன்னா எல்லாரும் உக்காந்துக்கிடுவாக. எனக்குச் சத்தம் இல்லாத நேரந்தான் பயம். ஒண்ணுமே கேக்காம இருக்குல்ல, அப்ப எப்பிடித் தெரியும்?”

“அது ஏன் கரெக்டா ஏழாவது பீரியட்ல?”

“வெயிலு ஏறி நிக்கிற நேரம். அந்நேரந்தான் கை சோந்து போகும்னு அம்மா சொல்லும்.”

தங்கத்தாய் நோட்டைப் பார்த்தார். கேட்டாகிவிட்டது. குறுக்கே பேசவில்லை. மூன்றாவது வரி பாக்கி இருந்தது. வாயைத் திறந்தார், மூடினார். “சரி, போ” என்றார். அந்தப் பிள்ளை சொன்னதில் எதுவும் பொய்யாக இல்லாததுதான் சங்கடம்.

நவம்பர் முதல் தேதி தீபாவளி. அதோடு சீசன் முடிந்து கம்பெனிகள் ஒரு மாதம் பூட்டிக் கிடந்தன. மாரிசெல்வி பள்ளி நடந்த நாளெல்லாம் ‘நிம்மதி’ போட்டாள். ஏழாவது பீரியடில் ஆணி அடித்தாற்போல் உட்கார்ந்தாள். இராமகிருஷ்ணன் சார் இதைக் கேள்விப்பட்டு, திட்டம் மாபெரும் வெற்றி என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். அறிக்கை போய்ச் சேர்ந்த வாரம் கம்பெனியில் பூஜை போட்டு வேலை தொடங்கினார்கள். மாரிசெல்வி மறுபடியும் குழாயடிக்குப் போனாள்.

தங்கத்தாய் அவள் அம்மா வேலுத்தாயைப் போய்ப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை. விரல் இடுக்கில் பட்டாசு மருந்தின் வெள்ளி மினுக்கம் போகாத கையால் வேலுத்தாய் காப்பி கொடுத்தாள்.

“மழை பெஞ்சா இங்கன அடுப்பு எரியாது டீச்சர். இவளுக்கு அன்னைக்குத்தான் திருநா” என்றாள்.

“நீங்க பயப்பட மாட்டீகளா?”

“நான் பயந்தா கை நடுங்கும். கை நடுங்குனா வேலை ஆகுமா? எனக்கும் சேத்து அவ பயந்துக்கிடுறா” என்று சொல்லிவிட்டு, “காப்பிக்குச் சீனி பத்துதா?” என்றாள்.

ஜனவரியில் பட்டியல் வந்தது. பள்ளியின் முன்சுவரில் ‘பத்தாம் வகுப்பில் தேர்ச்சி’ என்று பெயிண்டர் எழுதி, எண்ணுக்கு மட்டும் இடம் விட்டுப் போயிருந்தார். அந்த இடத்தில் நூறு எழுத வேண்டும் என்பது இராமகிருஷ்ணன் சாரின் வாழ்நாள் ஆசை. நூறு வர வழி, தேறாத பிள்ளைகளைத் தேற்றுவதைவிட, மாற்றுச் சான்றிதழ் கொடுத்துத் தனித்தேர்வராக அனுப்பிவைப்பது. ஐந்து பேர். நான்காவது பேர் மாரிசெல்வி.

“தனியா எழுதட்டும் டீச்சர். எங்க எழுதுனாலும் பரீட்சைதான?”

“வெளிய அனுப்புனா எழுத மாட்டா சார். அடுத்த வாரம் அவ அம்மா கூடவே வேன்ல ஏறிருவா.”

“அதுக்கு நான் என்ன பண்ண? கணக்குப் பீரியட்ல உக்கார மாட்டேங்கிறா.”

“மழை பெஞ்சா உக்காருறா சார்.”

இராமகிருஷ்ணன் சார் ஜன்னல் வழியே ஜனவரி வானத்தைப் பார்த்தார். “மார்ச் மாசத்துல மழைக்கு நான் எங்க போக?” என்றார். பிறகு, மனசாட்சி இல்லாதவர் அல்ல என்பதால், ஒரு வழி சொன்னார். மாதக் கடைசியில் திருப்புதல் தேர்வு. கணக்கு மதியம் இரண்டு மணிக்கு. வெளியே போகாமல் எழுதி, முப்பத்தைந்தும் வாங்கினால் பேரை எடுத்துவிடுகிறேன்.

இருந்தது மூன்று வாரம்.

தங்கத்தாய் யோசித்தது இதுதான்: பயத்தைப் போக்க முடியாது, அதற்குக் கம்பெனியைப் பூட்ட வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை என்கிற தகவலைக் கொடுக்கலாம். வேலுத்தாயின் கம்பெனி வேன் தினமும் மூன்று மணிக்கு, வேலையாட்களுக்கு டீ வாங்க, பள்ளியைத் தாண்டி முக்குக் கடைக்குப் போகும். கம்பெனியில் ஏதாவது ஆகியிருந்தால் டீ வாங்க வண்டி வராது. தங்கத்தாய் முக்குக் கடையில் டிரைவர் சீனிச்சாமியைப் பிடித்தார்.

“ஸ்கூலைத் தாண்டும்போது ஒரு ஆரன் அடிச்சிட்டுப் போங்க. அது போதும்.”

“டீச்சர், அங்கனதான போர்டு வச்சிருக்காக? ‘பள்ளிப் பகுதி, ஒலி எழுப்பாதீர்’னு. அந்தப் போர்டே எங்க மொதலாளி ஒபயம்.”

“அது மத்தவுகளுக்கு.”

“அடிச்சா எனக்கு என்ன கெடைக்கும்?”

“ஒங்க மக எட்டாங்கிளாஸ்தான? தையல்ல பாஸ் போடுறேன்.”

“தையல்ல எல்லாரும் பாஸுதான டீச்சர்!”

“அப்ப சும்மாதான் அடிக்கணும்” என்றார் தங்கத்தாய்.

மறுநாள் மூன்று பத்துக்கு ஆரன் கேட்டது. மாரிசெல்வி நிமிர்ந்து, குனிந்து, கணக்கைத் தொடர்ந்தாள். அவளோடு சேர்ந்து இன்னும் பதினோரு தலைகள் நிமிர்ந்து குனிந்ததைக் கண்டு தங்கத்தாய் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். அவர்கள் அம்மாக்களும் அதே கம்பெனிதான். எழுந்து போகிற துணிச்சல் இல்லாததால் இத்தனை நாளும் அவர்கள் நல்ல பிள்ளைகளாக இருந்திருக்கிறார்கள்.

பிரச்சினை, விஷயம் பரவியது. மற்ற கம்பெனிப் பிள்ளைகள் தங்கள் வேன் டிரைவர்களிடம் நச்சரித்தார்கள். இரண்டாவது வாரம், மூன்று மணியிலிருந்து மூன்றரை வரை ஒலி எழுப்பாதீர் என்ற போர்டுக்கு நேராக ஆறு விதமான ஆரன்கள் கேட்டன. பிள்ளைகள் அமைதியாகப் படித்தார்கள். இராமகிருஷ்ணன் சாருக்கு மட்டும் தலைவலி வந்தது. காரணம் அவருக்குத் தெரியாது. தங்கத்தாயும் சொல்லப் போகவில்லை. சார் ஆரன் சத்தத்தை நிறுத்தச் சொல்லிப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு மனு எழுதினார்.

தேர்வு நாள். ஹாலுக்குத் தங்கத்தாய்தான் மேற்பார்வை. மெஷின் ஓடாதவர்களுக்கு எப்போதும் மேற்பார்வைதான். இரண்டு மணிக்குத் தாள் கொடுத்தார். மூன்று பத்து ஆனது. ஆரன் இல்லை. மூன்று பதினைந்து. வெளியே ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. மாரிசெல்வியின் பேனா நின்றது. பிறகு மற்றப் பதினோரு பேனாக்களும்.

மூன்று இருபதுக்கு மாரிசெல்வி எழுந்தாள். முகம் சாம்பல் பூத்திருந்தது.

அந்த மூன்றாவது வரியைச் சொல்ல இதைவிடத் தோதான நேரம் வரப்போவதில்லை. தங்கத்தாய் சொல்லவில்லை.

“போறதுன்னா போத்தா. பேப்பரை நான் வச்சிருக்கேன். பட்டியல்ல பேர் நின்னா நாம பெறகு பாத்துக்கிடலாம்.”

மாரிசெல்வி வாசலுக்கு வந்தாள். ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே. சாலையைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள்.

“ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டு எழுதட்டுமா டீச்சர்? வெளிய போகலை.”

“எழுது.”

சாலையைப் பார்த்த ஜன்னல் திண்டில் தாளை வைத்து, ஒரு வரி எழுதுவதும் ஒரு முறை பார்ப்பதுமாக நின்றாள். சுற்றுக்கு வந்த இராமகிருஷ்ணன் சார் வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

“என்ன டீச்சர் இது?”

“வண்டி வரலை சார்.”

“எந்த வண்டி?”

“டீ வண்டி.”

“பரீட்சை ஹால்ல டீயா!”

தங்கத்தாய் அவரை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போய் நாலு வாக்கியத்தில் சொன்னார். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். எழுதாமல் உட்கார்ந்திருக்கிற பதினோரு பேரையும் ஜன்னலில் நிற்கிறவளையும் எண்ணினார். நூறிலிருந்து பன்னிரண்டு பேரைக் கழித்தால் என்ன ஆகும் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. வேறு ஏதோவும் தெரிந்தது.

“மனு நாந்தான் குடுத்தேன்” என்றார் மெதுவாக. மோப்பெட்டை எடுத்துக்கொண்டு போனார்.

பள்ளிக்கு முந்தின வளைவில் நடந்ததைச் சீனிச்சாமி பிற்பாடு பல நாள் பலபேரிடம் சொன்னான். போலீஸ்காரர் ஆறு வேனையும் வரிசையாக நிறுத்தி எழுதிக்கொண்டிருந்தாராம். சார் போய், ஆரன் அடிக்க அனுமதி வேண்டும் என்று கேட்டாராம். “சார், அடிக்கக்கூடாதுன்னு நீங்கதான கையெழுத்துப் போட்டுருக்கீக?” என்று போலீஸ்காரர் மனுவைக் காட்டினாராம். “அந்தக் கையெழுத்தும் என்னுதுதான், இந்த வாயும் என்னுதுதான். வண்டிய விடுங்கய்யா” என்றாராம் சார்.

தங்கத்தாய்க்குத் தெரிந்தது இவ்வளவு: மூன்று முப்பத்தெட்டுக்கு ஒரு ஆரன் கேட்டது. நீளமாக, நிற்காமல், பழக்கமில்லாத கை அடிக்கிற ஆரன். போர்டைத் தாண்டி வேன் மெல்லப் போனது. டிரைவருக்குப் பக்கத்தில், மடியில் காலி டீ கேனை அணைத்துக்கொண்டு இராமகிருஷ்ணன் சார் உட்கார்ந்திருந்தார். ஒரு கை ஆரனில் இருந்தது. பின்னாலேயே மற்ற ஐந்தும்.

ஹாலில் பேனாக்கள் ஓடத் தொடங்கின. மாரிசெல்வி இடத்துக்குப் போகாமல் ஜன்னலிலேயே எழுதிக்கொண்டிருந்தாள். முக்குக் கடையில் கேனைக் கொடுத்துவிட்டுத் திரும்பிய சார் அதைப் பார்த்தார். அவர் பணிக்காலத்தில் நின்றுகொண்டு பரீட்சை எழுதியவர் எவரும் இல்லை.

“உக்காரச் சொல்லுங்க டீச்சர், கால் வலிக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாற்பத்தொன்று வாங்கினாள். பேர் பட்டியலிலிருந்து போனது. அரசுத் தேர்வு காலை பத்து மணிக்கு, வேறு பள்ளியில் நடந்தது. மூணு மணி வண்டியால் அதற்கு ஒரு பிரயோசனமும் இல்லை. அங்கேயும் ஜன்னலோரத்தில் இடம் கேட்டு வாங்கி எழுதியிருக்கிறாள். தேறினாள். பட்டியலில் மிச்சம் இருந்த நால்வரும் தனித்தேர்வர்களாகப் போனார்கள், சுவரில் நூறு ஏறியது, அதைப் பற்றித் தங்கத்தாய் சாரிடம் ஒரு வாரம் பேசவில்லை.

ஆண்டு முடிவில் மேலிடத்துக்கு நிரப்பி அனுப்ப ஒரு படிவம் வந்தது. ‘கையாண்ட வழிமுறை’ என்ற கட்டத்தில் தங்கத்தாய் ‘டீ வண்டி’ என்று எழுதினார். இராமகிருஷ்ணன் சார் அதை அடித்து, ‘தனிநபர் ஆலோசனை’ என்று திருத்தினார். ‘குணமடைந்தோர் எண்ணிக்கை’ என்ற கட்டத்துக்கு வந்தபோது பேனா நின்றது.

“பன்னெண்டுன்னு போடுவோமா டீச்சர்?”

“யாருக்கும் குணமாகலை சார். அம்மாக்க எல்லாரும் இன்னைக்கும் அங்கதான வேலைக்குப் போயிருக்காக?”

“அப்ப என்ன போட?”

தங்கத்தாய் படிவத்தை வாங்கி, அந்தக் கட்டத்தில் சைபர் போட்டு, பக்கத்தில் இடம் இருந்த அளவுக்குப் பொடி எழுத்தில், ‘பன்னிரண்டு பேர் உட்கார்ந்து எழுதினார்கள்’ என்று எழுதினார். கொஞ்சம் யோசித்து, ‘பதினோரு பேர் உட்கார்ந்து, ஒருத்தி நின்று’ என்று திருத்தினார். கணக்கு இப்போது சரியாக இருந்தது.

சார் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். மணி மூன்று பத்து. சாலையில் ஆரன் கேட்டது. இருவரும் தலையை நிமிர்த்தி, குனிந்து, அடுத்த கட்டத்துக்குப் போனார்கள்.